அஞ்சலையின் கப்பல் சீட்டு

நன்கொடை வசூலுக்குப் போகிறவன் செருப்பைக் கழற்றும்போதே ரோஷத்தையும் கழற்றி வைத்துவிட வேண்டும். ரசீதுப் புத்தகத்தோடு படியேறி இறங்கிய பாவிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

முப்பதுகளில் நான் மலாக்காவில் எங்கள் சங்கத்துக்கு வசூல்காரன். தோட்ட வேலை என்று ஆசை காட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிய ஒருவன், அஞ்சலை என்ற பெண்ணை டவுனில் ஒரு விபசார விடுதிக்கு விற்றுவிட்டான். தப்பி வந்தவளை என் மனைவி எங்கள் வீட்டில் ஒளித்து வைத்திருந்தாள். விற்றவன் கண்டுபிடிப்பதற்குள் அவளை ஊருக்கு அனுப்பக் கப்பல் சீட்டு வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

மணிக்கு உண்டு

முதலில் ஜவுளிக்கடைக்காரரிடம் போனேன். கோவிலுக்குப் பெரிய மணி வாங்கிக் கொடுத்து, அதில் தன் பெயரையும் வெட்டி வைத்த புண்ணியவான். காபி கொடுத்தார், கதை முழுவதையும் கேட்டார், உச்சுக்கொட்டினார். பிறகு சொன்னார்: "மணி அடிக்கிறப்பல்லாம் ஊரு என் பேரச் சொல்லும், தம்பி. இவளுக்குக் குடுத்தா யாரு சொல்லுவா?"

கப்பல் ஏறினவள்

லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார், யாழ்ப்பாணத்துக்காரர். "ஒழுங்கான பிள்ளையெண்டால் ஏன் தனியக் கப்பல் ஏறினவள்?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கள் மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்தா வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். வாசல் கதவைச் சாத்திக்கொண்டே பதில் சொன்னார்: "நான் உத்தியோகத்துக்கு வந்தனான், தம்பி."

மேடை

பெண்ணைப் பார்க்காமல் யாரும் பணம் தரமாட்டார்கள் என்றார் சங்கச் செயலாளர். ஒளித்து வைத்தவளை மேடையேற்றுவதா என்று என் மனைவி கத்தினாள். நான் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் என் மேல்தான்.

சங்கக் கட்டடம் நிறையக் கூட்டம். அஞ்சலை தலைகுனிந்து நின்றாள். முன்வரிசையிலிருந்து ஒரு பெரிய மனுஷன், "மொகத்தத் தூக்கச் சொல்லுங்க, சரியாத் தெரியல" என்றான். அவள் முகத்தைத் தூக்கினாள். அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அங்கயும் மொதல்ல இப்படித்தான் நிக்க வச்சுப் பாத்தாங்கண்ணே."

நியாலாஸ் லயம்

அப்போதே அவளை மேடையிலிருந்து இறக்கி வீட்டில் விட்டவன், மறுநாள் நியாலாஸ் ரப்பர் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். ஒரு பெண்ணை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றதுமே, ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். ஒருத்தி தன் கல்யாணத்துக்குச் சேர்த்ததைக் கொண்டுவந்து கொட்டினாள். சீட்டுக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. பழக்கதோஷத்தில் நான் அஞ்சலையின் கதையை ஆரம்பித்தேன். கல்யாணப் பணத்தைக் கொட்டியவள் கையமர்த்தினாள்: "பேரு ஊரெல்லாம் எதுக்குங்கய்யா? வெரசாக் கப்பல் ஏத்தி விடுங்க."

மாலை

புலாவ் செபாங் ஸ்டேஷனில் அஞ்சலையை என் மனைவியோடு ரயிலேற்றினேன். கப்பல் வரைக்கும் மனைவி துணை. ரயில் போன பிறகு செயலாளர், கமிட்டிக்காரர் மூவரோடும் படம் பிடிப்பவரோடும் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் ரோஜா மாலை. ரயில் போய்விட்டது என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார். "மாலை வீணாப் போகக்கூடாதுலா. என் கழுத்துல போடுய்யா!"

நாலு பேரும் விறைத்து நிற்கும் அந்தப் படம் 'அபலையைக் காத்த அறச்செம்மல்கள்' என்ற எழுத்தோடு சங்கச் சுவரில் தொங்குகிறது. அவர்களில் ஒருவர் பெயருக்குக்கூட நான் ரசீது கிழித்ததில்லை.