மோர்டன் புல்வெளியில் இழுபட்ட நூல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, செய்வினை, கழிப்பு என்று யாராவது தொடங்கினால் நான் வாய்விட்டுச் சிரிக்கிறவள். லண்டன் பள்ளிக்கூடம் ஒன்றில் வருடக்கணக்காக இரசாயனம் படிப்பிக்கிறேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு மாமி என் கையில் நூல் கட்ட வந்து, என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனதை இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. வரும், ஆனால் காட்டமாட்டேன்.

என் கணவர் மின்வேலை செய்கிறவர். தை மாதத்தில் அவருக்கு வேலை குறைவு, மீன்பிடிப் பைத்தியம் அதிகம். அந்தப் பைத்தியம் எனக்கும் தொற்றிவிட்டது. சாதாரணத் தூண்டில் இல்லை இது. இறகும் மயிரும் கட்டிச் சின்னமீன் மாதிரிச் செய்த முள்ளை, பாரமான நூலின் வீச்சாலேயே தூரத்துக்கு எறிகிற வகை. அதற்கு மெக்சிக்கோவின் பசிபிக் கரைதான் சொர்க்கம் என்பார் இவர். இங்கே நாங்கள் பல்லுக் கிடுகிடுக்க நிற்கும் மாதத்தில் அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சூடைமீன் கரையோடு ஒதுங்கும், அதைக் கொத்தக் கூழைக்கடாப் பறவைகள் மேலிருந்து விழும், பின்னால் பெரிய பாரைகள் முழங்கால் தண்ணீர் வரைக்கும் வரும். ஆனால் விடியற்காலையில் மட்டும்தான். வெயில் ஏறினால் வடகாற்றுக் கிளம்பி, எறிந்த நூலைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும்.

அந்த முறை இவர் முன்னுக்குப் போய்விட்டார். எனக்கு மாசி விடுமுறை வரைக்கும் பள்ளிக்கூடம். அதனால் பின்னேரங்களில் மோர்டன் பூங்காப் புல்வெளியில் நின்று, முள்ளுக்குப் பதிலாக நூல் நுனியில் சிவப்புக் கம்பளித் துண்டு ஒன்றைக் கட்டி எறிந்து பழகினேன். நாயோடு போகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இவரிடம் ஒரு கெட்ட பழக்கம். யாழ்ப்பாணத்தில் தடி இல்லாமல் கைநூல் போட்டு மீன்பிடித்து வளர்ந்தவர், நூலை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டுதான் நிற்பார். ஒட்டி, ஓரா மாதிரிச் சின்னமீன் பிடிக்க அது சரி. தொடைப் பருமன் பாரை ஓடும்போது நூல் கையில் சுற்றியிருந்தால் ஆளையும் சேர்த்துக் கொண்டுபோகும். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

அன்றைக்கு மதியம், அங்கே விடியும் நேரம், வழக்கம்போலப் போனில் கூப்பிட்டார்.

"காத்து எப்படி?" என்றேன்.

"இப்ப இல்லை. அலை கொஞ்சம் பெரிசு. பாரை வந்திட்டுதடி, தண்ணிக்குள்ள கறுப்பாத் தெரியுது!"

"இஞ்சருங்கோ, நூலைக் கையில சுத்தாதேங்கோ. காத்துக் கிளம்ப முன்னம் வெளிய வந்திடுங்கோ."

"ஓம் ரீச்சர்," என்று நக்கலடித்துப் போனை வைத்துவிட்டார்.

இதையும் சொல்லவேண்டும். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயர் சொன்னால் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லுவா. எனக்கு அந்த நம்பிக்கை ஒரு துளிகூட இல்லை, ஆனாலும் வாய் வராது. பக்கத்து வீட்டுக் கார்த்திக், தமிழ்நாட்டு ஐடி இன்ஜினியர், அதைச் சொல்லியே என்னைக் கிண்டல் பண்ணுவார்.

பின்னேரம் பூங்காவுக்குப் போனேன். அன்று முழுக்க உறைபனி உருகவில்லை, புல் வெள்ளையாகவே கிடந்தது, மறுகோடியில் மூடுபனிப் புகார் மூடி மரங்கள் தெரியவில்லை. ஓடிவிட்டுத் திரும்பிய கார்த்திக் என்னைக் கண்டு நின்றார்.

"என்ன மேடம், புல்லுல ஏதாவது மாட்டுச்சா?"

நான் ஒரு பகிடி சொல்லிக்கொண்டே எறிந்தேன். நூல் போய்ப் புகாருக்குள் விழுந்தது. இழுத்தேன், வரவில்லை. எதிலோ சிக்கிவிட்டதென்று நினைத்து ஓர் அடி எடுத்து வைத்தேன், அவ்வளவுதான், தடி வில்லாக வளைந்து, நூல் சுற்றிய சக்கரம் கத்தத் தொடங்கிவிட்டது. நாய் கவ்விக்கொண்டு ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். கடவுளே, எந்த நாய் அப்படி ஓடும்? நூல் முழுக்கப் போய், அதற்குக் கீழே சுற்றியிருந்த மெல்லிய நூலும் ஓடியது. என் சப்பாத்துகள் பனியில் சறுக்க, நான் முன்னுக்கு இழுபட்டேன். கார்த்திக் ஓடிவந்து என் கோட்டைப் பிடித்தார். அவரும் சேர்ந்து இழுபட்டார்.

நூல் ஈரமாக இருந்தது. வெதுவெதுவென்று ஈரம், என் விரலில் ஆவி பறந்தது. கடல் மணத்தது. விரலை வாயில் வைத்தேன், உப்பு. மறுநாள் பள்ளி ஆய்வுகூடத்தில் அந்தக் கம்பளியைக் கழுவிய தண்ணீரில் வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பார்த்தேன், பாலாகத் திரண்டது. பனி உருகக் கவுன்சில் ரோட்டில் போடுகிற உப்பு என்பீர்கள். புல்வெளிக்கு யார் உப்புப் போடுகிறார்கள்?

"விட்டுடுங்க மேடம்! ராடை விட்டுடுங்க!"

"விடமாட்டன்! அங்கால என்ர மனிசன் நிக்குது!"

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பாரை என்றால் தலையை ஆட்டும், அந்த அதிர்வு கையில் தெரியும். இது ஆட்டவில்லை. பிடித்துத் தொங்கியது. அப்போது இவரின் பெயர் என் வாயிலிருந்து தானாக வந்தது.

"தவராசா!"

கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். ஓட்டம் நின்றது. அழுதுகொண்டே சக்கரத்தைச் சுற்றினேன், பாரமாக, ஆனால் வந்தது. நடுவில் ஒரு தரம் பாதிப் பாரம் சட்டென்று குறைந்தது. மிச்சப் பாரம் வந்துகொண்டே இருந்தது, கடைசியில் அதுவும் இல்லாமல் போனது. புல்லில் சிவப்புக் கம்பளி மட்டும் கிடந்தது.

கார்த்திக் என் கோட்டை விடவில்லை. மற்றக் கையால் தரையைக் காட்டினார். கம்பளி கிடந்த இடத்திலிருந்து பனியில் கால்தடங்கள். வெறுங்கால். எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தால் நடந்து, பூங்கா வாசலைத் தாண்டிப் போயிருந்தன. நாங்கள் ஒருவரையும் காணவில்லை.

இவருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். இங்கே இருட்டும் நேரத்தில், அங்கே வழிகாட்டியாக வந்தவரின் போனிலிருந்து இவரே கூப்பிட்டார். நான் பயந்ததேதான் நடந்திருக்கிறது. கையில் சுற்றிய நூலோடு பாரை ஓட, காற்றும் கிளம்ப, மணல்திட்டிலிருந்து ஆழத்துக்கு இழுபட்டுப் போயிருக்கிறார்.

"முடிஞ்சுதெண்டுதான் நினைச்சன். அப்ப நீ பேர் சொல்லிக் கூப்பிட்டாய். தண்ணிக்குள்ள கேட்டதடி! கூப்பிட்டுக்கொண்டே ஒரு நூலைச் சட்டைக் கொலரில மாட்டிக் கரைக்கு இழுத்தாய்."

நான் ஓவென்று அழுதேன். அதன்பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"மற்றவர் ஆர்?"

"எந்த மற்றவர்?"

"எனக்குப் பக்கத்தில ஒருத்தர் அதே நூலைப் பிடிச்சுக்கொண்டு வந்தவர். நான் கரையில ஏறிட்டன். அவர் நூலை விடேல்லை. உன்ர பக்கமாத்தான் போனவர்."

ஒருவரும் இல்லை, தண்ணீர் குடித்ததால் அப்படித் தெரிந்திருக்கும் என்றேன். கால்தடத்தைப் பற்றி இன்றுவரை இவரிடம் சொல்லவில்லை. கார்த்திக்கும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நான் தொடங்கினால் எழும்பிப் போய்விடுவார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியபடிதான் இருந்தது, உள்ளே எல்லாம் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் வெளிவாசலில் கால் துடைக்கப் போட்ட மிதியடி நனைந்து ஊறியிருந்தது. ஊரே உறைந்துபோன அந்தக் குளிரில் தொட்டுப் பார்த்தேன், சூடு ஆறவில்லை. யாரோ அதில் நின்று, கதவு திறக்கும் என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிறகு எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் பள்ளியால் வந்தால், திறப்பைப் பூட்டில் போடுவதற்கு முன்னால் குனிந்து அந்த மிதியடியைக் கையால் தடவிப் பார்க்கிறேன். இதுவரைக்கும் காய்ந்துதான் இருக்கிறது.