தீபத்துக்கு வர்ணனை சொன்னவர்

மழையில் ஊறிய கேபிளுக்கு ஒரு ரப்பர் வாசனை உண்டு. அதில் கற்பூரப் புகையும் கலந்தால் எனக்குக் கார்த்திகை...

எழுபதுகளின் கடைசி. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்த சூட்டோடு வானொலியில் டெக்னீஷியன் வேலை. தீபத்தன்று திருவண்ணாமலையில், கோயிலைப் பார்த்த ஒரு மொட்டை மாடியில் எங்கள் மைக். நேரடி வர்ணனை, அப்பாண்டைராஜன் சார்.

அவர் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஜைனக் குடும்பம். இருட்டினால் வாயில் எதுவும் போடமாட்டார். வர்ணனை முடிந்து டீ வந்தால், உள்ளங்கையைச் சூடு பண்ணிக்கொண்டு என்னிடம் நீட்டிவிடுவார்.

"உங்க சாமி கூட இல்லியே சார், இவ்ளோ உருகறீங்க?" என்று கேட்டேவிட்டேன். என் வாய் அப்படி.

"மலை எங்க ஊர்லருந்தும் தெரியும் தம்பி. நீ மீட்டர் முள்ளப் பாரு. மலைய நான் பாத்துக்கறேன்."

"உச்சியில் ஒரு மேகம் உட்கார்ந்திருக்கிறது, நேயர்களே... எழுந்திருக்க அதற்கு மனமில்லை" என்பார். ஈரத்துண்டைத் தலையில் போட்ட பெரியவர், அப்பா தோளில் தூங்கிப்போன குழந்தை, தீபம் தெரிந்ததும் வீடுவீடாக எரியத் தொடங்கும் விளக்குகள்... ஒன்றையும் விடமாட்டார். ஒலி அளவு காட்டும் முள் ஒருநாளும் சிவப்பைத் தொட்டதில்லை. அப்படி ஒரு நிதானமான குரல்.

எண்பதுகளில் நான் டி.வி.க்கு மாறினேன். சாருக்கும் அந்த ஆசை இருந்தது. ஒரு தீபத்துக்கு அவரையே வர்ணனைக்குக் கூப்பிட்டார்கள். சரியாக வந்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. குரல் மட்டும்தான் போகும் என்று தெரிந்தும் புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அதே மாடி. மேகம், ஈரத்துண்டு, குழந்தை என்று ஆரம்பித்துவிட்டார். என் ஹெட்போனில் புரொட்யூசர் கத்தினார்.

"யோவ், அதான் படத்துல தெரியுதே! நிறுத்தச் சொல்லுய்யா அந்தாள!"

கையைக் காட்டினேன். பாதி வாக்கியத்தில் நின்றார். தீபம் ஏறியது, ஊரே அரோகரா போட்டது... அவர் வாய் திறக்கவில்லை.

கேபிளைச் சுருட்டும்போது பக்கத்தில் வந்தார்.

"எப்டி இருந்துச்சு தம்பி?"

"படம் சூப்பரா வந்துச்சு சார்."

தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மறுபடி டி.வி.க்கு அவரைக் கூப்பிடவில்லை. வானொலியிலேயே நெல், மணிலாக்கொட்டை விலை வாசித்து ஓய்வுபெற்றார். இப்போது இல்லை. புரொட்யூசர் சொன்னது டெக்னிக்கலாகச் சரி. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும்...

போன கார்த்திகை. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீடு. மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆகி, இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருந்தது. டி.வி.யில் ட்ரோன் ஷாட், கண்ணாடி மாதிரி படம், பின்னால் நாதஸ்வரம்.

"வெறும் மேளம்தான் கேக்குது. மாடிக்குக் கூட்டினு போங்களேன்" என்றாள்.

கையைப் பிடித்து ஏற்றினேன்.

"ஏத்திட்டாங்களா?"

"ஏத்திட்டாங்க."

"எப்டிங்க இருக்குது?"

மலையைப் பார்த்தேன். எல்லாமே தெரிந்தது.

"நல்லா இருக்குது."

அவள் முகத்தை என் பக்கமே திருப்பி வைத்திருந்தாள்... நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று.