மேல்சித்தாமூருக்குப் போன டிவிடி கார்டு

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் கெட்டுப்போன பொட்டியைச் சரிசெய்வது சுலபம். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு "ஆச்சா, ஆச்சா" என்று கேட்பவரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். இதே பிழைப்பில் இருப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம், நான் காத்திருக்கிறேன்.

என் பெயர் செல்வி, ஊர் சிங்கவரம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அருள் அண்ணன் என் கூட்டாளி. டிவிடி அப்போதுதான் வந்த புதுசு. அந்தக் காலத்து கம்ப்யூட்டருக்கு டிவிடி படத்தை ஓட்டத் தெம்பு பத்தாது. நாலு அடி நடந்துவிட்டு மூச்சு வாங்கி நிற்கும். அதற்கென்றே ஒரு கார்டு விற்றார்கள். பொட்டியைத் திறந்து உள்ளே சொருகிவிட்டால், படம் ஓட்டுகிற பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். செஞ்சி வட்டாரத்தில் நான் மாட்டிய முதல் டிவிடி கார்டின் கதை இது. அதற்கு முன்னால் அப்படி ஒரு கார்டை நான் கண்ணால் கண்டதில்லை. இதை வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. நீங்கள் மட்டும் சொல்லியிருப்பீர்களா?

பத்திரிகை வெச்சாச்சு

ஒரு வியாழக்கிழமை காலை மேல்சித்தாமூர் அப்பாண்டை நயினார் கடைக்குள் வந்தார். வேர்க்கடலை வியாபாரி, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றால்தான் புரியும். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், மெக்கானிக் எப்போது வருவார் என்று கேட்டார். நான்தான் என்றேன். சரி, அவர் வரும்வரை இருக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அருள் அண்ணன் வந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் மஞ்சள் பையிலிருந்து ஒரு டிவிடி தட்டை வெளியே எடுத்தார். ஒரே மகன் ஜெயபாலனுக்கு அமெரிக்காவில் கல்யாணம் முடிந்திருந்தது. பெண் ஆரணிப் பக்கம், சொந்தக்காரர்கள்தான், அவளுக்கும் அங்கேயே வேலை. நயினாருக்கும் அவர் மனைவி பத்மாவதி அம்மாவுக்கும் விசா கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளை கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அந்த அம்மா ஒரு மாதமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம். பையன் கல்யாணத்தை டிவிடியில் போட்டு அனுப்பியிருக்கிறான். இவர் அதை வீட்டில் சிடி டிரைவில் போட்டுப் பார்த்திருக்கிறார், அது துப்பிவிட்டது. சிடி வேறு, டிவிடி வேறு என்று நான் விளக்கியதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அதுவும் வட்டம், இதுவும் வட்டம் என்பது அவர் கட்சி.

ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்றேன். பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினார். கல்யாணப் பத்திரிகை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் முகூர்த்தம், சுற்றமும் நட்பும் எங்கள் இல்லத்துக்கு வந்திருந்து கம்ப்யூட்டரில் மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. அந்த முகூர்த்தத்துக்குள் மகன் தாலி கட்டுவதைக் கண்ணால் பார்த்து அட்சதை போட்டால்தான் கல்யாணம் நடந்ததாக ஒத்துக்கொள்வேன், முகூர்த்தம் தப்பிவிட்டால் அப்புறம் அந்தத் தட்டை எனக்குக் காட்டவே வேண்டாம் என்று பத்மாவதி அம்மா சொல்லிவிட்டாராம். ஞாயிறுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் விரலை மடக்கி எண்ணினேன்.

"நூத்தம்பது பேருக்குப் பத்திரிகை வெச்சாச்சும்மா. பொட்டி மட்டுந்தான் பாக்கி."

ஜன்னலோர சீட்டு

செஞ்சியில் அந்தக் கார்டு ஏது? அருள் அண்ணன் அன்றைக்கே சென்னைக்கு பஸ் ஏறி, ரிச்சி தெருவில் கடை கடையாக அலைந்து, கார்டும் டிவிடி டிரைவுமாக வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார். ஆட்டக்கூடாது, அழுத்தக்கூடாது, வெயிலில் வைக்கக்கூடாது என்று நான் அனுப்பும்போதே நூறு தடவை சொல்லியிருந்தேன். மனிதர் நொண்டிக்கொண்டே வந்தார். காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"பஸ்ல எனக்குக் கெடச்சதே ஒரு சீட்டு, ஜன்னலோரமா. அதுல கார்ட உக்கார வெச்சிட்டு திண்டிவனம் வரைக்கும் நான் நின்னுகினு வந்தேன்."

குடியிருந்தவர்கள்

அன்று சாயங்காலமே மேல்சித்தாமூர் போய் பொட்டியைத் திறந்தோம். உள்ளே எறும்புப் புற்று. மல்லாட்டை மூட்டைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்தால் வேறு என்ன இருக்கும்? முழுக்கடலையையே நாலு பேராகத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தன. கடையில் என்றால் புளோயரை வைத்து ஒரே ஊது, முடிந்தது. நான் புளோயரை எடுத்த உடனே பத்மாவதி அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். அவர்கள் சமணர்கள். ஓர் உயிரும் சாகக்கூடாது, அதுவும் கல்யாண வீட்டில்.

அந்த அம்மா வெல்லத்தைப் பொடித்து, பொட்டியிலிருந்து தாழ்வாரம் தாண்டி வேலியோரம் வரை கோடாக இழுத்தார். எறும்புகள் தீர்மானம் போட்டு, ஆள் அனுப்பிப் பார்த்து, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப இரண்டு மணி நேரம் ஆனது. நானும் அருள் அண்ணனும் ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு வழியனுப்ப வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். நடுவில், சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று எங்களுக்கு இலை வேறு போட்டார்கள். நல்ல சாப்பாடு, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்த அம்மா பரிமாறியதோடு சரி, தான் ஒரு வாய் எடுக்கவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை பயம், கொஞ்சம் வேகமாகத் துரத்த முடியாதா என்று கேட்டேன்.

"இன்னா அவசரம்? காலி பண்ணச் சொன்னா சாமான் செட்டு எடுத்துகினுதான போவும்."

ரோஸ் கலர் கல்யாணம்

சனிக்கிழமை காலை கார்டைச் சொருகினேன், டிரைவை மாட்டினேன், அது கேட்ட மென்பொருளையெல்லாம் ஏற்றினேன், தட்டைப் போட்டேன். மேளச் சத்தம் கணீரென்று வந்தது. படம்? திரையில் பளிச்சென்று ஒரு ரோஸ் கலர் கட்டம். அவ்வளவுதான்.

முகூர்த்தத்துக்கு முன்னால் கல்யாணத்தைப் பார்க்க மாட்டேன் என்று பத்மாவதி அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் நான் பிழைத்தேன். நல்லா வருதாம்மா என்று முதுகைக் காட்டியபடியே கேட்டார். பிரமாதமாக வருகிறது என்றேன். கார்டைக் கழற்றினேன், துடைத்தேன், இடம் மாற்றிச் சொருகினேன். மறுபடியும் ரோஸ். வேறு வழியில்லாமல் கடைசியில், நம் தொழிலில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தேன்: கூட வந்த புத்தகத்தைப் படித்தேன். கம்ப்யூட்டர் தன் பங்குக்கு ஒரு ரோஸ் கட்டத்தைத்தான் வரையுமாம். அதன் மேல் படத்தை ஒட்டுவது கார்டின் வேலையாம். அதனால் மானிட்டர் வயரைப் புதுக் கார்டில் சொருக வேண்டும். நான் கைப் பழக்கத்தில் பழைய இடத்திலேயே சொருகியிருந்தேன்.

வயரை மாற்றியதும் மண்டபம் வந்தது, மாலை வந்தது, யாரோ ஒருவருடைய வழுக்கை வந்தது, அதற்குப் பின்னால் ஜெயபாலன் சிரித்துக்கொண்டே வந்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பையன் தெரிகிறான் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எளச்சிட்டானா? அத மட்டும் சொல்லு. நான் திரும்பல."

ஆபரேஷன் செய்த வயிறு

வேலை முடிந்தது என்று பொட்டியின் பக்கவாட்டு மூடியைத் திருகி மூடினால், அடுத்த நிமிஷம் அது ரிப்பேர் ஆகும். படித்தவர்கள் சிரிப்பார்கள், சர்வீஸ் ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் வாயால் "திருப்தி" என்ற வார்த்தை வரும்வரை நான் மூடியைத் தொடுவதே இல்லை. அன்றைக்கும் கழற்றிய மூடியை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். நயினாருக்கு மனசு கேட்கவில்லை. ஏன் திறந்து கிடக்கிறது என்றார். காற்றாட இருக்கட்டும், நாளைக்குக் கல்யாணம் முடிந்ததும் மூடுகிறேன் என்று சமாளித்தேன்.

"டாக்டருங்க கூட தச்சிட்டுதாம்மா வூட்டுக்குப் போறாங்க."

கறுப்பு வெள்ளையில் மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. வாசலில் வாழை மரம். பதினைந்து அங்குல மானிட்டரில் நூற்றைம்பது பேர் எங்கே பார்ப்பது? அதனால் நயினார் யார் வீட்டிலிருந்தோ பெரிய டிவியைத் தூக்கிவந்திருந்தார். கார்டிலிருந்து டிவிக்கு வயர் இழுத்தேன். படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியும் சாம்பல், பெண்ணின் கூறைப்புடவையும் சாம்பல். அமெரிக்காக்காரன் கலரை அனுப்புகிற முறை வேறு, நம் பழைய டிவி வாங்குகிற முறை வேறு. கல்யாணத்தில் கலர் இல்லாவிட்டால் நல்லதில்லை என்று ஒரு பெரியவர் ஆரம்பித்துவிட்டார். மணி பத்து இருபது.

கார்டின் மென்பொருளில் ஏதாவது வழி இருக்கும் என்று ஒவ்வொரு பட்டனாகத் தட்டினேன். ஒரு மூலையில் நம் நாட்டு முறைக்கு மாற்றித் தருகிற இடம் இருந்தது. தட்டியதும் மஞ்சளும் சிவப்புமாகக் கொட்டியது பாருங்கள், கூடமே ஹா என்றது. அருள் அண்ணன் காலைப் பூசை முடித்து நேராக மாதா கோயிலிலிருந்து வந்திருந்தார். வியர்த்துப் போயிருந்த என்னிடம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"தப்பு எம்மேலதான். பூசையில கார்டுக்கு மட்டும் வேண்டிகினேன், டிவிய மறந்துட்டேன்."

அட்சதை

முன்வரிசையில் பத்மாவதி அம்மா. ஒரு மணி நேரமாகக் கண்ணை டிவியை விட்டு எடுக்கவில்லை. மாலை மாற்றினார்கள், மகன் ஏதோ சொன்னான், மருமகள் சிரித்தாள், இந்த அம்மாவும் சிரித்தார். பதினொன்று முப்பத்தைந்துக்கு ஜெயபாலன் தாலியைக் கையில் எடுத்தான். கெட்டிமேளம். அவ்வளவுதான், நூற்றைம்பது பேரும் ஒரே நேரத்தில் டிவியைப் பார்த்து அட்சதையை வீசினார்கள்.

டிவிக்குப் பக்கத்தில் வயிற்றைத் திறந்துகொண்டு என் பொட்டி. மஞ்சள் அரிசி நேராக உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த ஃபேனில் சிக்கி, கர்ர் என்று ஒரு சத்தம். படம் அப்படியே நின்றது. தாலி பெண்ணின் கழுத்துக்கு ஒரு சாண் முன்னால். ஜெயபாலனின் இரண்டு கையும் அந்தரத்தில். பத்மாவதி அம்மா கையிலிருந்த அட்சதையைப் போடவில்லை, இறுக்கிப் பிடித்திருந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கட்டுவானா செல்வி?"

மஞ்சள் கோடு

கரண்டைப் பிடுங்கினேன். நானும் அருள் அண்ணனும் பொட்டியைச் சாய்த்து, தட்டி, கோலமாவு சலிப்பதுபோல் அரிசியைக் கொட்டினோம். ஃபேனில் மாட்டிய கடைசி இரண்டு அரிசி மணியைப் பத்மாவதி அம்மாவின் கொண்டை ஊசியால் குத்தி எடுத்தேன். பதினொன்று நாற்பத்தெட்டு. ஆன் செய்தால், உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், ஒழுங்காக நிறுத்தாமல் அணைத்த பாவத்துக்கு அந்தக் கால கம்ப்யூட்டர் நீலத் திரை போட்டுத் தன்னைத் தானே சோதிக்க ஆரம்பிக்கும். ஒரு மஞ்சள் கோடு நத்தையாக நகரும். பாதியில் நிறுத்தலாம்தான், நிறுத்தி ஏதாவது ஆகிவிட்டால்? நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சொந்தபந்தம் மொத்தமும் மானிட்டரைச் சுற்றிக் கூடி, பத்து, இருபது என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தது. பின்னால் எட்டிப் பார்த்த ஒரு அத்தை பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"அந்த மஞ்சக் கோடு யாரு, பொண்ணு வூடா?"

தாம்பாளம்

பதினொன்று ஐம்பத்தைந்து. தட்டு சுற்றியது. நல்லவேளை டிவிடி, நேராக அந்த இடத்துக்கே தாவ முடிந்தது. இந்தத் தடவை நயினார் சீர்த் தாம்பாளம் ஒன்றை இரண்டு கையாலும் பொட்டிக்கு முன்னால் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நின்றார். கெட்டிமேளம். ஜெயபாலன் குனிந்தான். ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று. பத்மாவதி அம்மா எழுந்து, பிடித்து வைத்திருந்த அட்சதையைப் போட்டார்; மற்றவர்களும் போட்டார்கள்; தாம்பாளத்தில் மழை மாதிரி சத்தம். அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய், யாரும் கூப்பிடாமலே முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாம்பாளம் பிடித்த நயினார் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். தாலி கட்டியதை அவர் பார்க்கவே இல்லை. ஐயா, இன்னொரு தடவை போடட்டுமா என்று பதறிப்போய்க் கேட்டேன். அவர் தலையில் இருந்த அரிசியைத் தட்டிவிட்டுக்கொண்டே பந்திப் பக்கம் பார்த்தார்.

"பையன் எங்க போயிடப் போறான், நாளைக்குப் பாத்துக்கறேன். நான் அவ மொகத்தப் பாத்துகினு இருந்தேம்மா."

ஆக, ஒரே முகூர்த்தத்தில் மாப்பிள்ளை ஒன்றரைத் தடவை தாலி கட்டிய கல்யாணம் செஞ்சி வட்டாரத்தில் அது ஒன்றுதான், அதில் அந்த அரைத் தடவைக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.