வரிசையில் ஐந்தாவது வண்டி

வட துருவத்தை ஒட்டிய எங்கள் மேஹாம் ஊரில் ஹெர்டிஸைத் தெரியாதவர் கிடையாது. அவளுக்கு ஓர் உதவி செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூடியவரும் கிடையாது. செய்ய விட்டால்தானே!

முப்பத்திரண்டு வயதில் புருஷன் இங்கோல்ஃபைக் கடல் கொண்டுபோயிற்று. நாலு வயது மைக்கெனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவளுக்கு ஊரே சூப்பும் கேக்கும் சுமந்து வந்தது. ஒரே வாரத்தில் எல்லார் வீட்டுப் பாத்திரமும் திரும்பிப் போய்விட்டது. ஒன்றுகூட வெறுமையாகப் போகவில்லை. வாங்கியதைவிட ஒரு பிடி கூடவே இருந்தது. அப்புறம் யார் வருவார்கள்? ஒரு குளிர்காலம் மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி ஒற்றைக் கையால் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். "வேண்டாம் வேண்டாம், ஆயிடும்" என்றாள். பாவம் மனுஷன், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆயிடும். அதுதான் அவள் மந்திரம். எங்கள் வடக்கத்திக்காரர்கள் எல்லாருக்குமே இந்த வியாதி கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. கூரை பறந்து போனாலும் "காத்து கொஞ்சம் ஜாஸ்தி" என்போம். ஆனால் ஹெர்டிஸுக்கு அது முற்றிப்போன கேஸ். மீன் ஆலையில் பாதி ஆயுசு, பிறகு கூட்டுறவுக் கடையில் கல்லா. யாரிடமும் கை நீட்டாமல் மகளை ஆளாக்கிவிட்டாள் என்று ஊர் மெச்சும்போது எனக்குப் பாதி பெருமையாகவும் பாதி எரிச்சலாகவும் இருக்கும்.

அந்த ஜனவரியில் மைக்கென் ஹாமர்ஃபெஸ்ட் நகரில் நிறைமாதமாக இருந்தாள். குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்த வாக்கில் இருந்ததால் வியாழன் காலை ஆபரேஷன் என்று நாள் குறித்தாயிற்று. அவள் ஆள் யோமார் மீன்பிடிக் கப்பலில் கிரீன்லாந்துப் பக்கம் இருந்தான். நினைத்த மாத்திரத்தில் நடுக்கடலிலிருந்து இறங்கி வர முடியுமா? அதைக் கேட்டதும் ஹெர்டிஸுக்குத் தன் பிரசவ ராத்திரி ஞாபகம் வந்தது. மைக்கென் பிறந்தபோது இங்கோல்ஃபும் கடலில்தான் இருந்தான். அவளுடைய அம்மா இருந்தது இரண்டு ஃபியோர்டு தள்ளி, மலைகளுக்கு நடுவே புகுந்த இரண்டு கடல் நீட்டுக்கு அப்பால். நடுவில் பாதையெல்லாம் பனியில் மூடிக் கிடந்தது. சுவரில் இருந்த ஒரு விரிசலையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்து, தன்னந்தனியாகப் பெற்றாள். அந்த ராத்திரியைப் பற்றி அவள் ஒருவரிடமும் பேசியதில்லை. என் பெண் அப்படிக் கிடக்கக் கூடாது என்று மட்டும் மனசில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

"அம்மா, நீ வர வேண்டாம். வானிலை மோசமா இருக்கு. இங்க நர்ஸெல்லாம் நல்லவங்க" என்று மைக்கென் போனில் சொன்னாள்.

"நீ கூப்பிட்டு ஒண்ணும் வரலே, நானா வர்றேன். வெய்யி போனை" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை காலை ஹெர்டிஸ் காரை எடுத்தாள்.

பழைய, சின்ன மின்சாரக் கார். கோடையில் சொன்ன பேச்சைக் கேட்கும். மைனஸ் பதினெட்டில் பாதி தூரத்திலேயே கையை விரித்துவிடும். ஹெர்டிஸுக்கு அதன் குணம் தெரியும். இரண்டு அடுக்குக் கம்பளி உள்ளாடை, ஆட்டு ரோமக் காலுறை, ஃபிளாஸ்க்கில் காப்பி, வெண்ணெய் தடவிய லெஃப்சே ரொட்டி, டிக்கியில் மண்வெட்டி. ஹீட்டரைப் பெயருக்கு வைத்துக்கொண்டு, மூக்கு நுனி சிவக்கச் சிவக்க ஓட்டினாள். லாக்செல்வ் வரை ஒரு வம்பும் இல்லை.

லாக்செல்வில் சார்ஜ் போடும் இடத்தில் நிறைய வண்டிகள் காத்து நின்றன. அவளுக்கு அடுத்து ஒரு இளம் ஜோடி. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. ஹெர்டிஸின் பேட்டரி பாதிதான் ஏறியிருந்தது. அதற்குள் நம் அம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கிப்போய் கம்பியைப் பிடுங்கி, "நீங்க போட்டுக்கங்க, எனக்கு இது போதும்" என்றாள். போதாது என்று அவளுக்கே தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? அந்த ஜோடியும் கேட்கத்தான் செய்தது, நிஜமாவா, நிஜமாவா என்று. நிஜமாத்தான் என்று கையை வீசிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

ஹாட்டர் மலையடியில் தடுப்புக் கட்டையை இறக்கி வைத்திருந்தார்கள். மேலே புயல். இப்படிப்பட்ட நாளில் மலையைத் தனியாகத் தாண்ட விடமாட்டார்கள். பனி தள்ளும் வண்டி முன்னால் போகும், மற்றவர்கள் ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஹெர்டிஸ் வரிசையில் ஐந்தாவது. அவளுக்கு முன்னால் ஒரு பெரிய மீன் லாரி, பின்னால் பனிஸ்கூட்டரை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பிக்கப். காத்திருந்தார்கள், காத்திருந்தார்கள், காத்துக்கொண்டேயிருந்தார்கள். ஹீட்டர் பேட்டரியைக் குடித்துக்கொண்டேயிருந்தது. கட்டை தூக்கும் நேரம் வந்தபோது கண்ணெதிரே பத்தொன்பது சதவீதம் என்று எரிந்தது.

வரிசையைப் பார்த்துக்கொள்ளும் எய்லிஃப் என்ற வாலிபன் ஆரஞ்சுச் சட்டையோடு ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக்கொண்டு வந்தான். ஹெர்டிஸ் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினாள்.

"கம்பளியெல்லாம் இருக்கா? முன்னாடி லாரியோட விளக்கை விட்டுடாதீங்க. மின்சார வண்டியா? எவ்வளவு இருக்கு? நாப்பதுக்குக் கீழன்னா நான் திருப்பி அனுப்பணும். இன்னிக்கு இதுதான் கடைசி வரிசை, அப்புறம் மலையை மூடிடுவோம்."

கடைசி வரிசை! திரும்பிப் போனால் வியாழன் காலை அவள் எந்தக் கட்டையடியில் உட்கார்ந்திருப்பாளோ?

"ஆயிடும்" என்றாள் ஹெர்டிஸ்.

வடக்கத்திக்காரன் வாயில் வந்த அந்தச் சொல்லை இன்னொரு வடக்கத்திக்காரன் கிளறிக் கேட்கமாட்டான். அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. எய்லிஃப் கூரையில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான்.

மலைமேல் உலகமே வெள்ளை. ரோடும் வானமும் ஒன்றுதான். லாரியின் இரண்டு சிவப்பு விளக்குகளைத் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. மெதுவாக, மெதுவாக, பாதி மலைவரை ஏறினார்கள். அங்கே விளக்குகள் நின்றன. முன்னால் எங்கோ ஒரு வண்டியின் இழுவைப் பெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்துவிட்டது.

ஹெர்டிஸ் ஹீட்டரை அணைத்தாள். விளக்கை மட்டும் விட்டுவைத்தாள். கையைத் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு, காலுறைக்குள் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள். பேட்டரி பதினொன்று. ஒன்பது. "அம்மா வந்துட்டிருக்கேன்டி" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மூச்சு கண்ணாடியில் போய் உறைந்தது. ஹாரனை அடித்தால் பின்னால் இருப்பவன் வருவான். அடிக்கவில்லை. அவள் ஹெர்டிஸ் ஆயிற்றே.

காட்டிக் கொடுத்தது அந்தக் கண்ணாடிதான். வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்த எய்லிஃப், எல்லா வண்டியிலும் கண்ணாடி தெளிவாக இருக்க, ஐந்தாவது வண்டியில் மட்டும் உள்பக்கம் பனி பூத்திருப்பதைக் கண்டான். கதவையே திறந்துவிட்டான்.

"எவ்வளவு இருக்கு?"

"...ஆறு."

"ஆறா! கீழே கேட்டப்ப?"

"பத்தொம்பது."

"ஏங்க, வாயைத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்திடும்? உங்களை இங்க வெறச்ச மீனா எடுத்துட்டுப் போகணுமா நான்?" எய்லிஃபுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

"மன்னிச்சிடு தம்பி. எல்லாரையும் தாமதப்படுத்திட்டேன். நீங்க போங்க, நான் இங்கயே..."

"சும்மா இருங்க!"

அவன் வாக்கிடாக்கியில் ஏதோ சொன்னான். சற்றைக்கெல்லாம் அந்தப் புயலில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிக்கப்காரன், யாரோ ஒரு டீச்சர், வேறு யார் யாரோ, எல்லாரும் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து காரில் கை வைத்தார்கள். பக்கத்திலேயே வண்டி ஒதுங்கும் இடம் இருந்தது. ஹெர்டிஸும் இறங்கித் தள்ளப் போனாள். "ஏ பொண்ணே, நீ ஸ்டியரிங்கைப் பிடி, போதும்!" என்று லாரிக்காரர் அதட்டினார். அறுபத்தொரு வயதில் பொண்ணே என்ற விளி! அவள் சொன்னபடி கேட்டாள். கண்ணாடி வழியே எட்டு முதுகுகள் வளைந்து தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அன்றைக்கு அவள் செய்ததிலேயே கஷ்டமான காரியம்.

லாரிக்காரர் பெயர் ஓட்மார். பெட்டி நிறையக் காட் மீனோடு ஆல்டா போகிறவர். அவளைத் தன் லாரியில் ஏற்றிக்கொண்டார். உள்ளே அடுப்படி மாதிரி கதகதப்பு. குறுக்கே கிடந்த பெட்டியை இழுத்துப் போட்டதும் வரிசை நகர்ந்தது. இறக்கத்தில் சிக்னல் வந்தவுடன் அவள் போன் அடித்தது. மைக்கென்.

"அம்மா, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. நாளைக்கு வரைக்கும் காத்திருக்க முடியாதாம், இன்னிக்கு சாயங்காலமே பண்றாங்க. நீ எங்க இருந்தாலும் திரும்பிப் போயிடு, சரியா? ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஆயிடும்."

போனை வைத்துவிட்டாள். லாரிக்குள் எல்லாம் கேட்டிருந்தது.

"பொய் சொல்றா. யாரு கத்துக்குடுத்தது?" என்றார் ஓட்மார்.

"நான்தான்" என்றாள் ஹெர்டிஸ். அப்புறம் அழுதாள். இங்கோல்ஃபுக்குக்கூட வாசலில் நின்று அழாதவள், முன்பின் தெரியாத ஒரு லாரிக்காரர் பக்கத்தில், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அவர் துடைக்கத் துணியை நீட்டினார். மீன் நாற்றம் அடித்தது. வாங்கிக்கொண்டாள்.

ஸ்கைடி முக்கில் ரோடு பிரிகிறது. ஆல்டா ஒரு பக்கம், ஹாமர்ஃபெஸ்ட் ஒரு பக்கம். வரிசை கலைந்து, எல்லாரும் காப்பிக் கடைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். ஓட்மார் லாரியை நிறுத்தினார்.

"மீனை விட்டுட்டு நான் அந்தப் பக்கம் வர முடியாது. உள்ளே போய்க் கேளு."

"நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்..."

"எனக்கா பேரப்பிள்ளை பொறக்குது? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். போ, போய் வாயைத் தொற."

ஹெர்டிஸ் உள்ளே போனாள். வாசல் பாயில் நின்று இருமினாள். காப்பிக் கோப்பையிலிருந்து ஒருவர் இருவர் நிமிர்ந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மலையைவிட இந்த வாசற்படி அவளுக்கு உயரம்.

"எனக்கு உதவி வேணும்" என்றாள். சத்தம் போதவில்லை. மறுபடி, கத்தியே சொன்னாள்: "எனக்கு உதவி வேணும்! என் பொண்ணுக்கு இன்னிக்கு ஆபரேஷன், அவ தனியா இருக்கா. யாராவது ஹாமர்ஃபெஸ்ட் போறீங்களா?"

எங்கள் ஆட்கள் வழக்கப்படி முதலில் எல்லாரும் தங்கள் கோப்பையைக் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் ஒரே நேரத்தில் மூன்று நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. பிக்கப்காரன் முந்திக்கொண்டான். காரஷோக் ஊர்க்காரன், சாமி என்னும் வடக்குப் பழங்குடி இனத்தவன், பெயர் மாஹ்தே. "நான் அங்கதான் போறேன்" என்றான். ஸ்கூட்டர் பெட்டியை அங்கேயே கழற்றி விட்டுவிட்டு, கலைமான் தோலை அவள் மடியில் போர்த்தி, வண்டியை எடுத்தான். பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது.

"ஹாமர்ஃபெஸ்ட்ல உங்களுக்கு என்ன வேலை?"

"உங்களை எறக்கி விடறதுதான்."

"அப்ப எங்க போய்க்கிட்டிருந்தீங்க?"

"ஆல்டா. அது எங்கயும் ஓடிப்போகாது."

இதற்கு என்ன கைமாறு செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. எட்டு முதுகுகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவர்களின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. எந்தப் பாத்திரத்தை நிரப்பி எந்த வீட்டுக்கு அனுப்புவாள்? விசித்திரம் என்னவென்றால், அதை நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசவில்லை. சும்மா நன்றியாக இருந்தது, நெஞ்சு கொள்ளாத நன்றி. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது, வழி பிரிகிறவர்கள் சொல்லும் வார்த்தையைச் சொன்னாள், "வழித்துணைக்கு நன்றி" என்று. எத்தனையோ தடவை வாய்க்குள் முணுமுணுத்த வார்த்தைதான். இந்தத் தடவை மாஹ்தேயின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவன் கூச்சத்தில் தலையைத் தொங்கப்போட்டு, "பொண்ணுகிட்ட ஓடுங்க" என்றான்.

மாடியில் மைக்கெனை ஆபரேஷனுக்கு உருட்டிக்கொண்டு போகத் தயார் செய்திருந்தார்கள். பச்சைத் துணியில் உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவள், கதவில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். தலைமயிரெல்லாம் பனி உருகிச் சொட்ட, மீன் நாற்றத்தோடு நின்றாள் அம்மா.

"திரும்பிப் போகச் சொன்னேனே" என்றாள் மைக்கென். "ஒண்ணும் பிரச்சனை இல்லன்னு சொன்னேனே."

"சொன்னே. நான் நம்பலே."

மைக்கெனின் முகம் நாலு வயதுக் குழந்தையின் முகமாகக் கோணியது. "பயமா இருக்கும்மா" என்றாள், கையை நீட்டி.