களப்போரத்து உமரி

செருப்பு கடித்தபோதுதான் கவனித்தேன். செருப்பு பழையதுதான், கால்தான் பெருத்திருந்தது.

கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிறகு, படுத்தால் மூச்சு முட்டியது. கதிரையில் இருந்தபடியே தூங்கினேன். ஆஸ்பத்திரியில் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்றார்கள் (இதயம் நின்றுபோவதல்ல, இரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்து உடம்பில் நீர் தேங்குவது). நீரிறக்கும் மாத்திரை தந்து, உப்பை நிறுத்தச் சொன்னார் டொக்டர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் சமையலில் உப்பு எப்போதோ நின்றுவிட்டது.

யுத்தத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இங்கே வந்தோம். அது முடிந்ததும் மகள் தன் குடும்பத்தோடு மன்னாருக்கே திரும்பிவிட்டாள். மனைவியை அடக்கிய கபுறு இங்கே இருப்பதால் நான் கரைத்தீவிலேயே தங்கிவிட்டேன். அவள் மவுத்தான பிறகு சமைக்கப் பழகினேன். புளியும் உறைப்பும் ஒருவாறு பிடிபட்டன. உப்பு மட்டும் கைக்கு வரவில்லை. ஒரு நாள் வாயில் வைக்க முடியாது, மறுநாள் சப்பென்றிருக்கும். உப்புப் பார்த்துச் சொல்ல வீட்டில் இன்னொரு நாக்கு இல்லை.

அதனால்தான் உமரிக்கு மாறினேன். களப்பு என்னும் காயலின் ஓரச் சேற்றில் தானாக மண்டிக் கிடக்கும் செடி. இலைகள் சின்னதாய், தடிப்பாய் இருக்கும். நுனிகளைக் கிள்ளி வந்து அவித்து, துருவிய தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் போதும். உப்பே தேவையில்லை. காலையில் வெறும் வீட்டை விட்டு வெளியேற எனக்கு அது ஒரு சாக்கு. “எங்க, இலைக்கறிக்கா?” என்று வழியில் எவராவது கேட்பார்கள். சில நாட்களில் நான் கேட்கும் ஒரே மனிதக் குரல் அதுதான்.

மாத்திரை விழுங்கியும் வீக்கம் தொடைக்கு ஏறியது. வார்ட்டில் சேர்த்தார்கள். மகள் ஓடி வந்தாள்.

“உப்புப் போடுறீங்களா?” என்றார் டொக்டர்.

“ஒரு கல்லும் போடுறல்ல.”

“அப்ப என்னதான் சாப்பிடுறீங்க?”

“சோறு, பருப்பு, உமரி.”

மலைநாட்டவரான டொக்டருக்கு உமரி தெரியவில்லை. மகள் தலையில் கை வைத்தாள்.

“வாப்பா, அது உப்புத் தண்ணியில வளர்ற எல! உம்மா ரெண்டு தரம் அவிச்சி, தண்ணிய ஊத்திட்டுத்தானே சுண்டுவா?”

“சத்துப் போயிருமெண்டு நான் ஊத்துறல்ல.”

“இனி வேணாம்,” என்றார் டொக்டர். “அவிச்சி ஊத்தினாலும் வேணாம்.”

அத்தனை வருடமும் மனைவி கையால் தின்றவன், அவள் ஊற்றியதை ஒரு நாளும் பார்க்கவில்லை. வார்ட்டில் படுத்தபடி அழுதேன்.

உங்களுக்கும் இதே நோய் என்றால் ஒன்று சொல்வேன்: கறியில் போடும் உப்பை மட்டும் டொக்டரிடம் சொல்லாதீர்கள், தின்பதையெல்லாம் சொல்லுங்கள்.

வீடு திரும்பிவிட்டேன். இப்போது விடிந்ததும் கணுக்காலை அழுத்தி, குழி விழுந்தால் அது நிரம்பும்வரை பார்த்திருக்கிறேன். முன்பு ஒரு நாள் போவதே தெரியாது. இப்போது அந்தச் சின்னக் குழி நிரம்புவதற்குள் ஒரு காலைப்பொழுதே கழிந்ததுபோல் இருக்கிறது. காலில் குழி விழாத நாட்களில் பையை எடுத்துக்கொண்டு களப்புவரை நடக்கிறேன். உமரி தளதளவென்று நிற்கிறது. கிள்ளுவதில்லை.

“எங்க, இலைக்கறிக்கா?” என்கிறார்கள்.

“ஓம்” என்கிறேன். இல்லையென்றால் நாளைக்குக் கேட்கமாட்டார்கள்.