கட்டைவிரலும் கன்ட்ரோலரும்

முதலில் உடைந்தது ஒரு கண்ணாடி வளையல்.

திருமங்கலத்திலிருந்து வந்த கல்யாணப் பெண் கையை நீட்டியபடி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். இடது கையால் அவள் கையைக் குவித்துப் பிடித்து, கட்டைவிரலுக்கு அடியில் துருத்தி நிற்கும் எலும்பை என் கட்டைவிரலால் உள்ளே அமுக்கி, வலது கையால் வளையலை ஏற்ற வேண்டும். சிம்மக்கல் சந்துக்குள் இருக்கும் எங்கள் வளையல் கடையில் கல்யாணமான நாளிலிருந்து நான் செய்யும் வேலை இதுதான். அன்று அமுக்கியதாகத்தான் நினைத்தேன். விரல் அமுக்கவில்லை. வளையல் எலும்பில் இடித்துத் தெறித்தது.

கல்யாணப் பெண் கையில் வளையல் உடைந்தால் கூட வந்தவர்கள் முகம் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வளையல் சரியில்லை என்று சொல்லி வேறு ரகத்தை எடுத்துப் போட்டேன். அதிலும் ஒன்று உடைந்தது. அதற்குச் சில நாள் முன்பு எனக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து போயிருந்தன. அந்த அசதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. சமயநல்லூரில் எங்கள் வீட்டருகே நிற்கும் டவுன் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினேன், கால் வரவில்லை. என் வீட்டுக்காரர் பாண்டி இரண்டு கைகளையும் கொடுத்து என்னைத் தாங்கிக்கொண்டார். பஸ் போய்விட்டது. நாங்கள் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம்.

நரம்பியல் மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினார். கால் ஆடவே இல்லை. நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சோதித்தார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். கில்லன் பாரே என்று சொன்னார்கள் (தொற்று வந்து போன பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்). எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை.

"உங்க வீட்டுக் காவல்காரனே ஆள் தெரியாம உங்களை அடிச்சுட்டான்னு வச்சுக்கங்க" என்றார் மருத்துவர்.

"எம்புட்டு நாள்ல சரியாகும் டாக்டர்?" என்று பாண்டி கேட்டார்.

"நாள் கணக்கு இல்லைங்க, மாசக் கணக்கு. பெரும்பாலானவங்க எந்திரிச்சு நடந்துருவாங்க. ஆனா எம்புட்டுத் திரும்பும்னு இப்பவே சொல்ல முடியாது."

"வளையல் போட முடியுமா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பாண்டி தன் கையைக் குவித்து விளக்கிக் காட்டினார். மருத்துவர் என் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, "பார்ப்போம்மா" என்றார்.

இம்யூனோகுளோபுலின் (பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏறியது. மூச்சுத் தசை வரைக்கும் நோய் போய்விடுமோ என்று தினமும் என்னை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். போகவில்லை. இதைப் படிப்பவர் யாராவது அந்தக் கட்டிலில் இப்போது படுத்திருந்தால் ஒன்று சொல்கிறேன்: நோய் ஏறுவதுதான் வேகம், இறங்குவது மெதுவாகத்தான். அந்த மெதுவைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபோது கால்கள் கொஞ்சம் என் பேச்சைக் கேட்டன. கைகள் கேட்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சியால் தசைகளுக்கு வலுவூட்டுபவர்) சகிலா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். பந்து என்னைப் பார்த்தது, நான் பந்தைப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் அதைக் கண்டாலே எரிச்சல் வந்தது.

இந்த இடத்தில் பாண்டியின் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். மகள் கயலுக்காக டிவியில் மாட்டும் வீடியோ கேம் பெட்டி ஒன்று வாங்கியிருந்தோம். அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகும் பெட்டி ஓயவில்லை. கடை அடைத்து வந்ததும், வாசிக்கும் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு இந்த மனுஷன் கார் பந்தயம் ஓட்டுவார். வயரில்லாத அந்தக் கன்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு சோபாவில் இருந்து கட்டிலுக்கும், கட்டிலில் இருந்து சோபாவுக்கும் மாறுவார். நான் செய்யாத கிண்டல் இல்லை.

பந்தை நான் மூலையில் எறிந்த அன்று, அவர் கன்ட்ரோலரை என் மடியில் வைத்தார். "இடது கட்டைவிரல் இந்தக் குமிழ்ல. தள்ளுனா கார் திரும்பும். வலது ஆள்காட்டி விரல் பின்னாடி இருக்க விசையில. அமுக்குனா ஓடும். இம்புட்டுத்தான் செல்வி."

முதல் வாரம் என் கார் ஒரே சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. சகிலாவிடம் கேட்டோம். "தாராளமா விளையாடுங்க. ஆனா விரல் களைக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்திரணும். ஜெயிச்சுட்டுத்தான் எந்திரிப்பேன்னு உக்காரக் கூடாது" என்றார். இதே நோயுள்ளவர்கள் உங்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி.

கார் எதிலாவது மோதினால் கன்ட்ரோலர் அதிரும் என்று பாண்டி சொல்லியிருந்தார். எனக்கு எதுவும் தெரிந்ததில்லை. ஒரு நாள் மத்தியானம், உள்ளங்கைக்குள் ஒரு வண்டு மாட்டிக்கொண்டு பறக்கப் பார்ப்பது போல இருந்தது. மறுபடியும் வேண்டுமென்றே சுவரில் மோதினேன். மறுபடியும் வண்டு. அன்று எத்தனை முறை மோதினேன் என்று தெரியாது. கடையிலிருந்த பாண்டிக்கு ஃபோன் போட்டு அழுதேன். அவர் பதறிப்போய்க் கடையைப் பூட்டப் போனார். "சந்தோஷமா அழுவுறேன், யாவாரத்தைப் பாருங்க" என்றேன்.

புரட்டாசியில் என் கார் சுவரைத் தொடாமல் ஒரு சுற்று முடித்தது. ஆயுத பூஜை வந்தது. பாண்டி கடையில் கத்தரிக்கோல், கால்குலேட்டர், ஃபோன் வழியாகப் பணம் வந்தால் வாய் திறந்து சொல்லும் பெட்டி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பூஜை போட்டார். சாமிக்கு வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கன்ட்ரோலரும் சாமி அலமாரியில் இருந்ததால் எனக்கும் விடுமுறை. பொரியும் சுண்டலும் தின்றுவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் பாண்டி அதைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். நல்ல நாள், இரண்டு சுற்று போவோம் என்று உட்கார்ந்தேன். கார் வலப்பக்கம் திரும்பவே இல்லை. தள்ளினேன். போய் இடித்தது. இன்னும் தள்ளினேன். விரல் பாறையில் முட்டுவது போல நின்றது.

புதிதாக எங்கே பலம் குறைந்தாலும் உடனே வர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் தடவையும் இதே இடது கட்டைவிரல்தான். "ஏங்க, திரும்ப வந்துருச்சுங்க" என்று கத்தினேன். ஈரத் தலையோடு ஓடி வந்தார். பழைய ரிப்போர்ட்டுகளையும், என் மடியில் கிடந்த கன்ட்ரோலரையும் சேர்த்து ஒரே பைக்குள் திணித்தார். ஆட்டோவில் என் கட்டைவிரலைத் தன் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டே வந்தார். வைகைப் பாலம் தாண்டும்போது, இனி வளையல் கடைப் பலகையில் நான் உட்காரவே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மருத்துவர் தன் விரலைக் கொடுத்து என் கட்டைவிரலால் தள்ளச் சொன்னார். தள்ளினேன். "இன்னும்." தள்ளினேன். "இன்னும்... ஆ, போதும்மா, போதும்." அவர் கையை உதறிக்கொண்டார். "போன தடவையை விட நல்லாருக்கே. எதை வச்சுப் பலம் போச்சுன்னு சொல்றீங்க?"

பாண்டி பைக்குள்ளிருந்து கன்ட்ரோலரை எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் குமிழைத் தள்ளிப் பார்த்தார். அவருக்கும் வலப்பக்கம் அது அசையவில்லை. குமிழின் அடியில் நகத்தைவிட்டுச் சுரண்டினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மோந்து பார்த்தார்.

"இதுக்கு யாருங்க சந்தனம் வச்சது?"

பாண்டி எழுந்தே நின்றுவிட்டார். "ஆயுத பூஜைங்க டாக்டர். எல்லாத் தொழில் சாமானுக்கும் வச்சேன். அவளுக்கு இப்ப தொழில் சாமான் இதானே."

தண்ணியாகக் குழைத்த சந்தனம். பொட்டு வழிந்து குமிழின் இடுக்கில் இறங்கிக் காய்ந்து கட்டியாகிவிட்டது. மேலே மட்டும் துடைத்திருக்கிறார். குமிழ் மரத்துப் போனதா, விரல் மரத்துப் போனதா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை மாதமாக எது வராமல் போனாலும் குற்றவாளி என் கைதான் என்று பழகிவிட்டிருந்தேன். மருத்துவர் சிரித்தார், நர்ஸ் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே பாண்டியைத் திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன். வேறு எந்த நாளிலும் அவரை எனக்கு அந்த அளவுக்குப் பிடித்ததில்லை.

தை மாதம் கடைப் பலகையில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது அகலமான, காய்ப்புக் காய்த்த கை. அவசரமில்லாமல் குவித்துப் பிடித்து, எலும்பை அமுக்கி, ஒன்று ஒன்றாக ஏற்றினேன். முன்பெல்லாம் அதற்குள் மூன்று பேரை அனுப்பியிருப்பேன்.

"வலிக்குதாம்மா?"

"இல்லக்கா, நீங்க புடிச்சிருக்கதே தெரியல."

எனக்குத் தெரிந்தது. அவள் எலும்பு, அதன் மேல் தோல், தோலின் சூடு எல்லாம் தெரிந்தது. ஒரு வளையலும் உடையவில்லை.

விரல் நுனிகள் இன்னும் கொஞ்சம் மந்தம்தான். சம்மணமிட்டு உட்கார்ந்து கால் மரத்தால்கூட நெஞ்சு ஒரு கணம் நின்று ஓடுகிறது. எறும்பு அடங்கும் வரை காத்திருக்கிறேன், அடங்கிவிடுகிறது. ராத்திரி ஒரு சுற்று கார் ஓட்டுகிறேன். பாண்டியை இரண்டு தடவை ஜெயித்தாகிவிட்டது.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர், கன்ட்ரோலரைப் பார்த்ததும் தயங்கி நின்றார். நான் இரண்டு கட்டைவிரல்களையும் நீட்டினேன். "இங்க வைங்க."

சிரிக்காமல் வைத்தார், மேலே குங்குமமும் வைத்தார். பூஜைக்கு வைத்த சாமானை அன்றைக்குப் பயன்படுத்தக் கூடாதல்லவா, சுண்டலை அவரே ஊட்டிவிட்டார். பொழுது சாயும் வரை கைகளை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். போன வருஷம் மாதக் கணக்கில் இப்படித்தான் கிடந்தன இந்தக் கைகள். அன்று அவற்றால் முடியவில்லை. இன்று அவற்றுக்கு லீவு.