மிதிப்பதற்கு ஓர் ஆள்

சித்திரைத் திருவிழாவுக்கு மகள் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. ரயில் ஏற வேண்டிய அன்று காலையில் போனில் கேட்டாள்.

"மாமா கார எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வாரேன்னாரு. நீங்க வர்றதா இருந்தா அவர வேணாம்னு சொல்லிர்றேன். உங்க கார் ஓடுதாப்பா?"

"ஓடுது" என்றேன்.

அவள் அம்மா இப்போது சமயநல்லூரில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மகள் ஊருக்கு வந்தால் தங்குவதும் அங்கேதான். ஜங்ஷனிலிருந்து சமயநல்லூர் வரைக்குமான பாதைதான் என் பங்கு. மச்சான் வந்து கூட்டிப் போய்விட்டால் அதுவும் இல்லை.

கார் மாதக்கணக்கில் திருநகர் வீட்டு வாசலில் நின்றபடியே இருந்தது. நான் பத்திரிகை அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போகிறவன். போனை வைத்ததும் போய் ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் எடுத்தது. கிளட்சை விட்டபோது வண்டி இடது பக்கம் இழுத்து முனகியது. முன் இடது சக்கரம் சுற்றாமல் தரையில் தேய்ந்தது. பிடித்த பிரேக் விடவில்லை.

மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன். பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது.

"அழகருக்குத் தண்ணி பீச்ச விரதம் இருக்கேண்ணே. அவரு மலைக்குத் திரும்புற வரைக்கும் ஸ்பேனரத் தொட மாட்டேன்."

"காலைல வண்டி வேணுமே."

"இம்புட்டு நாளு நிப்பாட்டி வச்சுட்டு இப்பக் கேட்டா? அழகரே வந்து தள்ளுனாத்தான் உண்டு."

வேறு இரண்டு பட்டறைகளும் பூட்டியிருந்தன. இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிரேக் ஆயிலும் கிரீசும் வாங்கி வந்து, ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினேன். வட்டத்தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் துருவேறியிருந்தது. அதை நகரவிடும் பின்னைத் தட்டித்தான் உருவ வேண்டியிருந்தது. உப்புத்தாள் தேய்த்துக் கிரீஸ் தடவினேன். உள்ளே இருக்கும் பிஸ்டன் மட்டும் அசையவில்லை. பெடலை ஒரு மிதி மிதித்துவிட்டு இறங்கி வந்து பார்ப்பதும், மறுபடி ஏறி மிதிப்பதுமாக இருந்தேன். ஒரு மிதியில் கால் சட்டென்று ஆழத்துக்குப் போனது. இறங்கிப் பார்த்தால் பிஸ்டன் தெறித்துத் தரையில் கிடந்தது. ஆயில் சிமென்டில் ஓடிக்கொண்டிருந்தது.

துடைத்து, துரு நீக்கி, திரும்பப் பொருத்த முடிந்தது. ஆனால் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் சக்கரத்தருகே ஒரு சின்ன நட்டைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

போனில் இருந்த பெயர்களைப் பார்த்தேன். காவல் நிலையங்கள், தீயணைப்பு, பிணவறை ஊழியர் ஒருவர், மூன்று கட்சிகளின் மாவட்டப் பொறுப்பாளர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்து வரக்கூடியவர் யாருமில்லை.

பக்கத்து வீட்டுக் கேட்டைத் தட்டினேன். வெள்ளைத் தொப்பியும் கைலியுமாக ஒருவர் வந்தார். தெற்குவாசலில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது.

"பாய், ஒரு பத்து நிமிசம் கார்ல உக்காந்து பிரேக்க மிதிக்கணும்."

அவர் என்னையும் என் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க இந்த வீடா? பூட்டிக் கெடக்குன்னுல நெனச்சோம்."

"நைட் டூட்டி. பேப்பர் ஆபீஸ்."

"இங்க பாரு, பக்கத்து வீட்ல ஆளு இருக்காகளாம்!" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார்.

காரில் ஏறியதும், "மூணு கெடக்கே, எதண்ணே?" என்றார்.

"நடுவுல உள்ளது."

மிதித்தார். நட்டைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அப்படியே. எழுந்து பார்த்தேன். அவர் கால் கிளட்சில் இருந்தது.

"பாய், இது நடுவா?"

"நா உக்காந்த எடத்துக்கு இதுதானண்ணே நடு. நமக்கு மொபெட்டத் தாண்டி ஒண்ணுந் தெரியாது."

நகர்ந்து உட்கார்ந்தார். அதன்பின் சரியாக நடந்தது. மிதிங்க, பிடிங்க, விடுங்க. ஆயிலோடு குமிழி குமிழியாகக் காற்று வந்தது. அவர் பேசிக்கொண்டே மிதித்தார்.

"போன வருசம் எம் பொண்ணுக்கு நிக்காஹ். தெருவையே அடைச்சுப் பந்தல் போட்டோம். அன்னைக்குக்கூட உங்களக் காணலையே."

"பிடிங்க" என்றேன்.

அந்தப் பந்தல் நினைவிருந்தது. விடியும் முன் இன்ஜினை அணைத்து, மூங்கில்களுக்கிடையே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பகலில் காதில் பஞ்சு வைத்துத் தூங்கினேன்.

"விடவாண்ணே? கால் வலிக்குது."

"விடுங்க."

"வீட்ல எல்லாரும் எங்க?"

"சமயநல்லூர்ல."

"ஓ, திருவிழாவுக்கா" என்றார். நான் நட்டை இறுக்கினேன்.

குமிழி நின்றது. சக்கரத்தை மாட்டிக் கையால் தள்ளியபோது சுற்றியது. அவரும் அதை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் காலை மகள் ஒரு பையோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். புதிதாக வேலை பார்த்த பிரேக்கைப் போகிற வழியில் தொட்டுப் பார்க்க வேண்டும். சக்கரம் சுட்டால் இன்னும் பிடிக்கிறது என்று அர்த்தம். ஸ்டேஷனுக்கு வரும்போதே பழங்காநத்தத்தில் தொட்டிருந்தேன். சூடு இல்லை.

விளாங்குடியில் ஓரங்கட்டினேன்.

"என்னப்பா?"

"பிரேக் வேல பாத்துருக்கு. செக் பண்ணணும்."

பரவையில் மறுபடி நிறுத்தினேன். அவளே இறங்கி வந்து சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். "சுடவே இல்லையேப்பா."

"இன்னுங் கொஞ்ச தூரம் போனாத்தான் தெரியும்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அடுத்து எங்க நிறுத்துவீங்க?"

"சமயநல்லூருக்கு முன்னாடி ஒரு தடவ."

"டீக்கடை உள்ள எடமாப் பாத்து நிறுத்துங்க" என்றாள்.

டீ குடித்தோம். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும், கூடத் தங்கியிருக்கும் பெண்ணின் குறட்டையைப் பற்றியும் சொன்னாள். நடுவில் அவள் போன் அடித்தது. "வந்துட்டோம்மா, பக்கத்துலதான்" என்றாள்.

மச்சான் வாசலில் நின்று, "உள்ள வாங்க மாப்ள" என்றார். டூட்டி இருக்கிறது என்றேன். மகள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது நான் எங்கும் நிறுத்தவில்லை.